கந்தைத் துணியில் ஒரு மறையுரை

பழந்துணிக்கு நம் இல்லங்களில் மதிப்பில்லை. கிழியும் வரை உடுத்துகிறோம். கிழிந்தபின் அடுப்படிக் கரித்துணியாக்குகிறோம். அதற்கும் உதவாதபோது தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு, எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை வாங்கிக்கொள்கிறோம். நாங்களும் அவ்வாறு வாழ்ந்து வந்தவர்கள்தாம். ஆயினும் அண்மையில் ஒரு நூலைப் புரட்டுகையில், அதில் அச்சாகியிருந்த பழைய போர்வை ஒன்றின் நிழற்படத்தைக் கண்டோம். அன்றுமுதல் எங்கள் மனம் அமைதியிழந்து நிற்கிறது. அந்தப் போர்வையைப் பற்றியும், அதைக் கண்டவுடன் எங்கள் நினைவில் எழுந்த மற்றொரு போர்வையைப் பற்றியும் வாசகக் குடும்பங்களோடு சில சொற்கள் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மேல்நாட்டார் ‘குவில்ட்’ என்று அழைக்கும் போர்வை மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய பஞ்சு. மூன்றும் நழுவாதபடி ஊசியும் நூலும் கொண்டு நெருக்கமாகத் தைத்துச் செல்வர். மேல் துணி பெரும்பாலும் முழுத் துணியாக இராது. பலநிறத் துண்டுகளை இணைத்து அமைத்ததாக இருக்கும். சிலர் மனிதர், விலங்கு, விண்மீன் முதலிய உருவங்களைத் துணியிலேயே வெட்டி, அவற்றை மேல் துணியின்மீது வைத்துத் தைப்பர். நம் ஊர்த் திருவிழாவில் சப்பரத்தைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைக் கண்டவர்களுக்கு இந்த வேலைப்பாடு விளங்கும். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தோன்றிய இப்போர்வை, காலப்போக்கில் கண்காட்சிகளில் தொங்கவிடப்பட்டுப் பரிசுக்குரிய கலைப்பொருளாகவும் ஆயிற்று.

நாங்கள் கண்ட நிழற்படத்திலிருந்த போர்வையைத் தைத்தவர் ஹாரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. 1837ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்றபின், கணவரோடு ஏதென்ஸ் என்ற ஊருக்கு அருகில் ஒரு சிறு நிலத்தில் பயிர் செய்து வாழ்ந்தார். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர், பாப்டிஸ்ட் சபையினர். நெடுங்காலம் அவரை எழுத்தறியாதவர் என்றே பலரும் எண்ணி வந்தனர். ஆனால் 1896ஆம் ஆண்டைச் சேர்ந்த அவரது கடிதம் ஒன்று இந்த நூற்றாண்டில் வெளியானபோது, அவர் வாசிக்கக் கற்றவர் என்பதும், வேதநூலைத் தாமே பயின்றவர் என்பதும் தெரியவந்தன.

1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் பருத்திக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே ஒரு மூலையில் ஹாரியட் தைத்த போர்வை தொங்கியது. ஏழடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட அதில் பதினொரு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் விவிலிய நிகழ்ச்சி ஒன்று துணியால் அமைந்திருந்தது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், காயின் தன் தம்பியைக் கொல்லுதல், யாக்கோபு கனவில் கண்ட ஏணி, யோர்தானில் இயேசுவின் திருமுழுக்கு, இறுதி இராவுணவு, சிலுவைப்பாடு, யூதாசும் முப்பது வெள்ளிக்காசும், ஈற்றில் சூசையும் மரியாவும் குழந்தை இயேசுவும் அடங்கிய திருக்குடும்பம்.

இவற்றை அமைத்த விதத்தில்தான் அந்த அம்மையாரின் உள்ளம் வெளிப்படுகிறது. இராவுணவுக் கட்டத்தில் சீடர்கள் அனைவருக்கும் புள்ளியிட்ட வெள்ளைத் துணி. யூதாசுக்கு மட்டும் மங்கிய நிறத் துணி. அவனது நெஞ்சின் கறையை அவர் ஆடையிலேயே காட்டிவிட்டார். சிலுவைப்பாட்டுக் கட்டத்தில், பூமியை மூடிய இருளும் இரத்தமாய் மாறிய நிலவும் கறுப்பும் சிவப்புமான துணி உருண்டைகளாய்ச் சிலுவைகளோடு இணைந்து தொங்குகின்றன. யூதாசின் முப்பது வெள்ளிக்காசுகளை அவர் பச்சைத் துணியில் வெட்டித் தைத்தார். அவன் காலடியில் பெரியதொரு வட்டம் இருக்கிறது. அது முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் 1886இல் முதன்முறையாகத் தோன்றிய விண்மீன் என்று அவர் விளக்கம் கூறினார். யூதாஸ் வாழ்ந்த காலமும் தம் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தை நோக்கிய காலமும் அவருக்கு வேறுவேறாகத் தோன்றவில்லை. வேதத்தில் நிகழ்ந்தது நேற்றைய நிகழ்ச்சி போலவும், நேற்று நிகழ்ந்தது வேதத்தின் தொடர்ச்சி போலவும் அவர் உள்ளத்தில் உறைந்திருந்தன.

இதனினும் வியப்பூட்டுவது அவர் 1890களில் தைத்த இரண்டாம் போர்வை. அதில் பதினைந்து கட்டங்கள். மோசே, யோபு, யோனா ஆகியோரோடு, மக்கள் வாய்வழிக் கேட்டறிந்த செய்திகளும் அதில் இடம்பெற்றன. 1833ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவில் வானிலிருந்து எரிமீன்கள் மழையாய்ப் பொழிந்தன. உலகம் முடிந்தது என்று மக்கள் நடுங்கினர். ஹாரியட் பிறந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். தாம் காணாத அந்த இரவை, முதியோர் சொல்லக் கேட்டே தைத்தார். விண்மீன்களைத் தடுத்து நிறுத்தும் இறைவனின் கரத்தையும் அதில் வைத்தார். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை ஐந்நூறு மைல் ஓடிய பன்றி ஒன்றும் அப்போர்வையில் உண்டு. அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடிய மக்களின் நினைவே அந்தப் பன்றி உருவில் மறைந்திருக்கிறது என்று கருதுவோரும் உளர்.

ஒரு போர்வையைத் தைக்கத் தூண்டும் எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு இவ்விரண்டு போர்வைகளும் விடை கூறுகின்றன. கோவிலில் கேட்ட மறையுரை, பாட்டி சொன்ன கதை, வானத்தைக் கண்ட அச்சம், விடுதலையின் மேலிருந்த ஏக்கம் ஆகிய இவையே நூலும் துணியுமாயின. 1914ஆம் ஆண்டு அமெரிக்க இதழொன்று முதற்போர்வையைப் பற்றி எழுதியபோது, ‘ஒட்டுத்துணியில் ஒரு மறையுரை’ என்று பொருள்படும் தலைப்பையே சூட்டியது. நாங்களும் அத்தலைப்பைத் தழுவியே இக்கட்டுரைக்குப் பெயரிட்டோம்.

முதற்போர்வையின் பிற்கதையும் நாம் அறியத்தக்கது. கண்காட்சியில் அதைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை, ஹாரியட்டைத் தேடிச் சென்று அதை விலைக்குக் கேட்டார். எவ்விலைக்கும் தருவதற்கில்லை என்று ஹாரியட் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் சென்றன. வறுமை வந்தது. ஒரு நாள் மாட்டுவண்டியில் அந்தப் போர்வையை மடிமீது வைத்துக்கொண்டு அவரே ஆசிரியையின் வாசலுக்கு வந்தார். தூய மாவுப் பையில் இட்டு, அதன்மேல் மற்றொரு சாக்கையும் சுற்றி, குழந்தையைக் கொண்டு வருவது போல் கொண்டு வந்தார். பத்து டாலர் கேட்டார். ஆசிரியையால் ஐந்து டாலர்தான் தர இயன்றது. வெளியே சென்று கணவரிடம் கலந்து பேசினார். காலம் கடுமையாயிருப்பதால் கொடுத்துவிடும்படி அவரும் கூறவே, போர்வை கைமாறிற்று.

ஆனால் அவர் உடனே திரும்பிவிடவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் சுட்டிக்காட்டி, அதன் பொருளை ஆசிரியைக்கு எடுத்துரைத்தார். ஆசிரியை அவற்றைக் கேட்டு எழுதி வைத்தார். பின்னரும் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து, தாம் பெற்ற பிள்ளையைக் காண்பது போல் அப்போர்வையைக் கண்டு சென்றார் ஹாரியட். தம்மிடம் சேரும் துண்டுத் துணிகளையெல்லாம் அவருக்காகச் சேர்த்து வைப்பதாக ஆசிரியை வாக்களித்தபோதுதான் அவர் ஓரளவேனும் தேறினாராம். 1910ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். ஐந்து டாலருக்கு விலைபோன போர்வை இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாவது போர்வை பாஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பரிசும் புகழும் ஒரு கைவேலையின் மதிப்பை அளக்கும் கோல்களல்ல என்பதற்கு அந்நாட்டிலேயே வேறொரு சான்றும் உண்டு. 1933ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த போர்வைப் போட்டிக்கு ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. முதற்பரிசு பெற்ற போர்வை குடியரசுத் தலைவரின் துணைவியாருக்கே அளிக்கப்பட்டது. ஆனால் பரிசு பெற்றவர் அதைத் தம் கையால் தைத்தவரல்லர். கூலிக்கு அமர்ந்த ஏழைப் பெண்கள் தைத்தது அது. பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலமாதலால், கிடைத்த வேலையும் போய்விடுமே என்றஞ்சி அவர்கள் வாய் திறக்கவில்லை. ஆயிரம் டாலருக்குக் குறையாத பரிசில் ஒரு காசும் அவர்களுக்கு வரவில்லை.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1942இல், அலபாமா மாநிலத்தின் ‘கீஸ் பெண்ட்’ என்னும் சிற்றூரில் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி கணவரை இழந்த துயரில் இருந்தார். கணவர் வயலில் உடுத்திய உடைகளையெல்லாம் வெட்டி இணைத்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அவரது அன்பைப் போர்த்திக்கொள்ளவுமே அதைத் தைத்தார் என்று உடனிருந்து உதவிய மகள் பின்னாளில் கூறியிருக்கிறார். எந்தப் பரிசையும் எண்ணாமல் தைத்த போர்வை அது. அறுபது ஆண்டுகள் கழிந்து, 2002இல் அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தபோது, அதன் முன்னே மக்கள் நின்று நோக்கினர்.

இவற்றையெல்லாம் படித்தபோதுதான் எங்கள் அன்னையின் போர்வை எங்கள் கண்முன் வந்து நின்றது.

எங்கள் தந்தையார் தையற்கடை ஒன்றில் வேலை பார்த்தவர். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒரு பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டு வருவார். அன்னை அவற்றை நிறம் பிரித்து அடுக்கி வைப்பார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் தவக்காலத்தில் எங்கள் ஊரில் ஆடும் பாஸ்கு நாடகத்தில் யார் என்ன சொல்ல வேண்டும் என்பது முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஒரு மழைக்காலத்தில் பழைய கைத்தறிச் சேலை இரண்டை மடித்து அடித்துணியாக்கி, அதன்மேல் ஒன்பது கட்டங்கள் கொண்ட போர்வை ஒன்றைத் தைக்கத் தொடங்கினார். இரவுச் செபமாலை முடிந்து நாங்கள் உறங்கியபின், சிம்னி விளக்கின் ஒளியில் தைப்பார். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

பங்குத் திருவிழாவின்போது பெண்களின் கைவேலைக் கண்காட்சி நடக்கும். அன்னை தம் போர்வையை அங்கே வைத்தார். வயர்க் கூடைகளுக்கும், பாசிமணிப் பொம்மைகளுக்கும், பூவேலை செய்த மேசை விரிப்புகளுக்கும் நடுவில் அது தொங்கியது. புயலில் சீடர்கள் தத்தளிக்கும் கட்டத்தைக் கண்ட ஒருவர், “படகைவிட மீன் பெரியதாயிருக்கிறதே!” என்றார். சுற்றி நின்றவர்கள் நகைத்தார்கள். நாங்களும் அங்கு நின்றோம். அந்தப் போர்வை எங்கள் வீட்டுடையது என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, மெல்ல நகர்ந்து ராட்டினத்தின் பக்கம் போய்விட்டோம். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. அன்றிரவு போர்வையை மடித்துக்கொண்டிருந்த அன்னையிடம், “மீனை ஏம்மா அவ்வளவு பெரிசா வெச்சீங்க?” என்று கேட்டோம். அவர் மடித்த கையை நிறுத்தாமல், “பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தன் படகு சின்னதாத்தானே தெரியும்?” என்றார். அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை. போர்வை டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

ஆண்டுகள் சென்றன. தந்தையார் மறைந்தார். நாங்கள் வளர்ந்து, வேலைக்குச் சென்று, சிறு வீடொன்றும் கட்டினோம். பால் காய்ச்சுவதற்கு முந்தைய வாரம், பழைய வீட்டைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். புது வீட்டுக்குக் கந்தையைக் கொண்டு போவானேன் என்று எண்ணினோம். பாத்திரக்காரர் தெருவில் வந்தார். இரண்டு பழஞ்சேலைகளோடு அந்தப் போர்வையையும் போட்டு, ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கினோம். அன்னை அவ்வேளை காலைத் திருப்பலிக்குச் சென்றிருந்தார்.

திரும்பி வந்தவர் திறந்து கிடந்த பெட்டியைக் கண்டார். “அதையும் போட்டுட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். பின் அடுப்படிக்குள் சென்றுவிட்டார்.

நான்கைந்து நாள் கழித்தே அதன் காரணத்தைச் சொன்னார். எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். பதினொரு மாதத்தில் காய்ச்சலில் இறந்தவன். அவனுடைய ஞானஸ்நானச் சட்டையை அன்னை பத்திரமாய் வைத்திருந்தார். பெத்லகேம் குடில் கட்டத்தில் குழந்தை இயேசுவின் தலைக்கு மேல் ஒளிர்ந்த வெள்ளை விண்மீன் அந்தச் சட்டையிலிருந்து வெட்டியது. அந்த விண்மீனைத் தைப்பதற்காகவே மற்ற எட்டுக் கட்டங்களையும் தைத்தாராம். “சட்டையா இருந்தா ஒருநாள் பூச்சி அரிச்சுடும். இதுல இருந்தா சாமி பக்கத்துல இருப்பானேன்னு நினைச்சேன்” என்றார்.

நாங்கள் பாத்திரக்காரரைத் தேடி ஓடினோம். இரண்டு நாள் அலைந்தபின் சந்தையில் அவரைக் கண்டுபிடித்தோம். துணிமூட்டை மொத்த வியாபாரியிடம் போய், அங்கிருந்து வெளியூருக்கு லாரியேறிவிட்டது என்றார். அந்தத் தூக்கில் அன்னை பல ஆண்டுகள் எங்கள் பிள்ளைகளுக்குப் பால் வாங்கி வந்தார். ஒரு நாளேனும் அதைக் காட்டி ஒரு சொல் சொன்னதில்லை. அவரும் இன்று இறைவனிடம் சென்றுவிட்டார். தூக்கு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஹாரியட் அம்மையார் வறுமையால் தம் போர்வையை இழந்தார். ஆயினும் அது இருக்கும் வீட்டை அறிந்திருந்தார். வேண்டும்போது சென்று கதவைத் தட்டிக் காண முடிந்தது. எங்கள் அன்னைக்குத் தட்டுவதற்கு ஒரு கதவில்லை. ஹாரியட்டிடம் அருகிலிருந்து கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆசிரியை இருந்தார். ஆதலால்தான் யூதாசின் மங்கிய ஆடைக்கும், அவன் காலடி விண்மீனுக்கும் உரிய பொருள் இன்று உலகுக்குத் தெரிகிறது. எங்கள் அன்னையோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாங்களோ, மீன் ஏன் பெரிது என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

கடந்த நவம்பரில், இறந்தோர் நினைவு நாளன்று கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபின், உடன்பிறந்தார் அனைவரும் கூடி அமர்ந்து, அந்தப் போர்வையின் ஒன்பது கட்டங்களையும் ஒரு தாளில் வரைந்து பார்க்க முற்பட்டோம். புயலில் படகு நினைவுக்கு வந்தது. மீன்களுக்குப் போதித்த புனித அந்தோணியார் வந்தார். பேதுருவின் சேவல், சமாரியப் பெண்ணின் கிணறும் குடமும், எங்கள் ஊர்க் கோவிலும் கொடிமரமும், விண்மீன் ஒளிரும் குடில் ஆகியவையும் வந்தன. ஆறு கட்டங்களே தேறின. மற்ற மூன்றில் என்ன இருந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. சொல்லக்கூடியவர் இப்போது இல்லை. தாளில் அந்த மூன்று கட்டங்களும் வெறுமையாய் இருக்கின்றன.

ஐந்து அப்பங்களை ஆயிரக்கணக்கானோருக்குப் பகிர்ந்தளித்த ஆண்டவர், எல்லாரும் உண்டு நிறைவு பெற்றபின் எஞ்சிய துண்டுகளையும் சேகரிக்கும்படி சீடர்களைப் பணித்தார். அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவருக்கு அத்துண்டுகள் எதற்கு என்று நாம் எண்ணலாம். சிறியது எதுவும் வீணாய்ப் போவதை அவர் விரும்பவில்லை. நம் அன்னையரின் கையில் துண்டுத் துணிகள் போர்வையாவதும் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிதலே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

உங்கள் இல்லத்திலும் இப்படிப்பட்ட பொருள் ஏதேனும் இருக்கக்கூடும். பாட்டி பின்னிய விரிப்பாயிருக்கலாம். பீடத்துக்கென்று அன்னை பூவேலை செய்த துணியாயிருக்கலாம். குழந்தைக்குத் தைத்த தொப்பியாயிருக்கலாம். அது அழகாயிருக்கிறதா, பரிசு பெறுமா என்று பாராதீர்கள். செய்தவர் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து, இது ஏன், இந்த நிறம் எதற்கு, இந்தத் துணி யாருடையது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, அந்தத் துணியோடு சேர்த்து மடித்து வையுங்கள்.

இன்றிரவு செபமாலை முடிந்தவுடனே கேட்டுவிடுங்கள்.